பதினேழாம் ஜாடி

பிப்ரவரியில் வெட்டினோம்,
கௌயா ஆறு பனிக்கட்டிக்குள் படுத்திருந்த வாரம்.
மரம் தூங்கும்போது வெட்டினால்தான்
துண்டு தனியே விழிக்கும் என்றாள் வெல்கா.
ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன்,
முப்பத்தாறு பாப்லர் குச்சிகள்.
ஈரச் செய்தித்தாளில் சுருட்டி
பேருந்தில் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
அதற்கும் டிக்கெட் கேட்டார் நடத்துநர்,
சிரிக்காமல்.

ஜாடிகள் பழையவை.
மூன்று முறை கழுவியும்
வெள்ளரி ஊறுகாயின் வெந்தயக்கீரை வாசம் போகவில்லை.
உள்ளே இருட்டு வேண்டுமென்று கருப்பு பூசினோம்.
கருப்பு சூடேறும் என்பதால் அதன்மேல் வெள்ளை.
வேருக்கு வெளிச்சம் ஆகாது.
அதைப் பார்க்கத்தான் சம்பளம் வாங்குகிறோம்,
பார்க்காமல் இருக்கத்தான் பெயின்ட் வாங்கினோம்.

கீழ்வெட்டு சரிவு, மேல்வெட்டு நேர்.
விதி அவ்வளவுதான்.
ரேடியோவில் ஐஸ் ஹாக்கி.
நம்மவர்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள்.
பதினேழாவது குச்சியைத்
தலைகீழாகச் செருகினேன்.

இரண்டு வாரத்தில்
மற்ற குச்சிகளின் பட்டையைப் பிளந்துகொண்டு
நொய்யரிசி போல வெள்ளைப் பொட்டுகள்.
பிறகு நூல். பிறகு நூலுக்குள்ளிருந்து நூல்.
பதினேழில் மட்டும்
நீருக்குள் ஒரு மொட்டு அவிழ்ந்து
வெளிறிய இலையொன்று மேலே திரும்பப் பார்த்தது.
மேலே, வெறும் காற்றில்,
சரிவாய் வெட்டிய முனையைச் சுற்றி
நாலைந்து வேர்முனைகள் எட்டிப்பார்த்துக் கருகியிருந்தன.
வெல்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"தன் கால் எதுவென்று அதற்குத் தெரிகிறது.
தெரியாதது உனக்குத்தான்."

மார்ச் புயலில் கம்பி அறுந்தது.
காற்றுப் பம்பு நின்ற பிறகுதான்
இத்தனை நாளும் அது இரைந்தது கேட்டது.
வெல்காவுக்குத் தொலைபேசினேன்.
"ஆறு மணி நேரம் தாங்கும். செத்துப்போகாது.
ஆனால் எண்களை நான் நம்பமாட்டேன்."
ஆக, உயிருக்காக இல்லை,
எண்களுக்காக
சைக்கிள் பம்பை நாலு குழாயில் பொருத்தி
அடிக்கத் தொடங்கினேன்.
இரவுக் காவலர் மோட்ரிஸ் டார்ச்சோடு வந்தார்.
என்னவென்று கேட்டார்; சொன்னேன்.
கோட்டைக் கழற்றினார்.
நூறு எனக்கு, நூறு அவருக்கு.
முழங்கால் வலி பற்றி, இரண்டாவது மனைவி பற்றி,
ஓட்டைப் படகில் நீர் இறைத்த ஒரு கோடை பற்றி
விடியற்காலை நாலு இருபது வரை பேசினார்.
விளக்கு வந்தபோது
இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
கூச்சமாக இருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் அறுவடை.
தட்டில் நீர் ஊற்றி, இடுக்கியால்
இழை இழையாகப் பிரித்து ஸ்கேன் செய்தோம்.
நான்காம் ஜாடி: பதினொரு மீட்டர்.
ஒரு சாண் குச்சிக்கு
மூன்று மாடி உயரம்.
பிறகு எழுபது டிகிரி அடுப்பில் இரண்டு நாள்.
மோட்ரிஸ் கேட்டார்,
தான் காற்றடித்த வேர் எங்கே என்று.
உறையைக் கையில் வைத்தேன்.
பூஜ்யம் புள்ளி நான்கு கிராம்.
கனத்தது காகிதம்தான்.
"பதினொரு மீட்டரா" என்றார்.
இன்னொரு முறை, மெதுவாக,
"பதினொரு மீட்டர்."

அட்டவணையில் பதினேழாம் வரிக்கு ஒரு கோடு.
அடிக்குறிப்பு: கைப்பிழை.
நிமிர்த்தி வைக்கலாமா என்றேன்.
"அது வேறொரு சோதனை.
அதற்குப் பணம் இல்லை" என்றாள் வெல்கா.

இப்போது அது காவலர் அறை ஜன்னலில்.
மோட்ரிஸ் அதை நிமிர்த்தவில்லை.
மேல்முனையில் பழைய கைக்குட்டையைச் சுற்றி
நனைத்து வைக்கிறார்.
துணிக்குள்ளிருந்து இரண்டு வேர்
ஜாடியின் வெளிச்சுவரில் இறங்குகின்றன,
யாரும் அளக்காத வெளிச்சத்தில்.
சனி, ஞாயிறு அவருக்கு விடுமுறை.
துணி நனைப்பது என் முறை.